ஆளில்லா அறையின் காற்று

மேருவிலே பிறந்து, பால்மரக் காட்டிலே வளர்ந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆஸ்பத்திரிகள் சிலவற்றிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏர்கோன் யந்திரங்களோடு காலங்கழித்தவன் நான். என் தகப்பனார் பால்வெட்டும் உளி பிடித்தவர். நான் திருப்புளி பிடித்தவன். பேனா பிடிக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை. ஆயினும், ஓய்வு பெற்று வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இந்நாளில், ஒரு காரியத்தைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லாமற் போவது சரியன்று என்று மனம் உறுத்துகிறது. அந்தக் காரியம் காற்று. அதிலும், நோயாளியை மேசைமேல் கிடத்திக் கத்தி வைக்கிறார்களே, அந்த இரண சிகிச்சை அறையின் காற்று.

"காற்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகக் காகிதத்தை வீணாக்குவானேன்?" என்று வாசக அன்பர்கள் எண்ணலாம். கண்ணுக்குத் தெரியாததுதான் வினையே. விளக்கு வீணே எரிந்தால் வழியே போகிறவன்கூட அணைத்துவிட்டுப் போவான். குழாயிலே தண்ணீர் வீணே ஓடினால் திட்டிக்கொண்டே மூடுவான். காற்று வீணாவதை யார் கண்டார்?

நான் கண்டேன். இரவு இரண்டு மணிக்கு, இரண சிகிச்சை அறைகளுக்கு மேலேயுள்ள யந்திரத் தளத்தில் நின்று கண்டேன். கீழே அறைகள் இருண்டு கிடக்கும். மேசைகள் துடைக்கப்பட்டு, பெரிய விளக்குகள் தலை கவிழ்ந்து, ஈ எறும்புகூட இராது. மேலேயோ, பகல் பன்னிரண்டு மணிக்கு எப்படிச் சுழன்றனவோ அப்படியே விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கும். குளிரிலும் குறைவில்லை, வேகத்திலும் குறைவில்லை. குளிர்வதற்கு ஆள் மட்டும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை வாரத்தில் ஐந்து நாள் நடக்கும் ஓர் அறையிலே வேலை நடப்பது 45 மணி நேரம். மிச்சம் 123 மணி நேரமும் அந்த அறை சும்மா கிடக்கிறது. அவசரத்துக்கென்று இராப் பகலாய்த் தயாராக வைத்திருக்கும் அறையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, அது வேறு.

ஓர் அறைக்கு எவ்வளவு காற்று வேண்டும்? பல தேசங்களிலும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி, அறைக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒரு மணி நேரத்தில் 20 முறை மாற வேண்டும். அந்த இருபதில் 4 பங்கு வெளியிலிருந்து வரும் புதுக் காற்றாக இருக்கவேண்டும். வெப்பம் 20 முதல் 24 டிகிரி வரை. ஈரம் நூற்றுக்கு 60 பங்கைத் தாண்டக் கூடாது. உள்ளே செலுத்தும் காற்று அடர்ந்த வடிகட்டிகள் வழியாக வரவேண்டும். அவற்றுள் மிக நேர்த்தியான ரகம், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி அதில் ஒரு கூற்றை மறுபடி பத்தாக்கினால் அதில் மூன்று பங்கு எவ்வளவோ அவ்வளவு நுண்ணிய தூசியிலும் 10,000க்கு 3ஐத் தவிர மற்றவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு? மனிதனுக்காகத்தான், அதாவது மனிதனிடமிருந்து மனிதனைக் காப்பதற்காகத்தான். நாம் சும்மா நின்றாலும் நம் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. நடந்தால் இன்னும் அதிகம். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான துணுக்குகள். அவற்றுள் பலவற்றின் முதுகில் கிருமி சவாரி செய்கிறது. சாதியால் உயர்ந்தவன் உடம்பிலிருந்தும் உதிர்கிறது. தாழ்ந்தவன் என்று ஒதுக்கப்பட்டவன் உடம்பிலிருந்தும் அதே அளவுதான் உதிர்கிறது. மேலேயிருந்து இறங்கும் தூய காற்று அந்தத் துணுக்குகள் திறந்த புண்ணில் விழாமல் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. அன்றியும், அறைக்குள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்று மிகுந்திருப்பதால், கதவைத் திறக்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியே போகுமேயல்லாமல் நடையிலே திரியும் காற்று உள்ளே நுழையாது. இந்த அழுத்தந்தான் உயிர்நாடி. இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்; பின்னால் இதைப் பற்றியே ஒரு துக்கம் சொல்லப் போகிறேன்.

காற்றின்மேல் பழி போடுவது பழைய வழக்கம். மலேரியா என்னும் பெயருக்கே இத்தாலிய பாஷையில் "கெட்ட காற்று" என்றுதான் பொருள். நம் கிள்ளானில் 1901ஆம் ஆண்டு ஜில்லா வைத்தியராக வந்த மால்கம் வாட்சன், காற்றைக் குறை சொல்லிக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று இரானல்டு ராஸ் சிக்கந்தராபாத்திலே 1897இல் கண்டு சொன்னதை நம்பி, கிள்ளானிலும் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களை வெட்டி வடித்தார். சாவு குறைந்தது. காற்று நிரபராதி என்று அந்த வழக்கிலே தீர்ப்பாயிற்று.

இரண சிகிச்சையில் வழக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. புண் அழுகுவதற்குக் கிருமியே காரணம் என்று காட்டி, 1865இல் கார்பாலிக் மருந்தால் புண்ணைக் காக்கத் தொடங்கிய லிஸ்டர், சிறிது காலம் கழித்து அந்த மருந்தைக் காற்றிலேயே புகையாகத் தெளித்தார். டாக்டர்கள் கண்ணெரிச்சலோடு கத்தி பிடித்தார்கள். கடைசியில் 1890இல் அவரே, காற்றுக் கிருமிகளைக் கொல்லவென்று அந்தத் தெளிப்பை ஒரு காலத்தில் தாம் சிபாரிசு செய்ததற்காக வெட்கப்படுவதாகப் பல தேசத்து வைத்தியர்கள் கூடிய சபையிலே சொன்னார். தாம் செய்ததைத் தவறு என்று சபையிலே சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்! பின்னர் 1960களில், இடுப்பு மூட்டை மாற்றும் சிகிச்சையைச் செம்மைப்படுத்திய சார்ன்லி என்னும் ஆங்கில வைத்தியர், தம் நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேருக்குப் புண் சீழ்ப்பிடித்ததைக் கண்டு, தூய காற்று இறங்கும் கூண்டொன்றை அறைக்குள்ளே கட்டி, உடையையும் மாற்றி, அதை ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். 8,000க்கு மேற்பட்ட மூட்டுச் சிகிச்சைகளை வைத்து நடத்திய ஆராய்ச்சி 1982இல் வெளியாயிற்று. மிகத் தூய காற்றில் செய்தவற்றிலே சீழ்ப்பிடிப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம், மூட்டு மாற்றுச் சிகிச்சையிலே சீழ்ப்பிடிப்பைக் குறைப்பதற்கென்று, ஒரே சீராய்ப் பாயும் அந்த விசேஷக் காற்றோட்டம் வேண்டுவதில்லை என்று, ஆதாரம் உறுதியானதன்று என்பதையும் சேர்த்தே, யோசனை சொல்லிற்று. ஆக, நல்ல காற்று வேண்டும். ஆனால் அளவுக்கு மேல் கொட்டினால் பலனும் அதே கணக்கில் பெருகும் என்பதில்லை. சோறு வேண்டும் என்பதற்காக அண்டாவோடு விழுங்குவாருண்டோ?

நிற்க. குளிர்தேசத்தார் எழுதிய விதி நம் நாட்டுக்கு வரும்போது அதனோடு இன்னொரு செலவு ஒட்டிக்கொள்கிறது. அதுதான் ஈரம். கிள்ளானின் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்று நான் சொல்வது அலங்காரமன்று. 40 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 முறையும் வெளிக் காற்றாகவே எடுக்கும் யந்திரமாயிருந்தால், அந்தக் காற்றிலிருந்து ஒவ்வொரு மணி நேரமும் 30 லிட்டருக்கு மேல் தண்ணீரைப் பிரித்தெடுக்க வேண்டும். தோட்டத்திலே நாம் தண்ணீர் சுமந்த மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒன்றரைத் தகரத்துக்கு மேலே! 4 முறை மட்டும் புதுக் காற்று என்றாலும் 6 லிட்டருக்கு மேலாகும். இரவிலே வெயில் இல்லையே, குறையாதோ என்றால், குறையாது. நம் ஊரில் வெயில் இறங்குமேயன்றி ஈரம் இறங்காது.

இந்தத் தண்ணீரைப் பிரிக்கக் காற்றைப் பத்துப் பதினோரு டிகிரி வரையிலும் குளிர வைக்கவேண்டும். அவ்வளவு குளிர்ந்த காற்றை அப்படியே நோயாளியின் மேல் விட முடியுமா? ஆகையால் அதை மறுபடியும் சூடாக்குகிறோம். சிரிக்காதீர்கள். பணம் செலவழித்துக் குளிர வைத்ததைப் பணம் செலவழித்துச் சூடாக்குகிறோம். முதன்முதல் இந்த வேலையைக் கற்றுக்கொண்டபோது இது பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்தேன். இட்டலியை அவித்துவிட்டு ஐஸ் பெட்டியில் வைத்து மறுபடி அவிப்பதைப்போல. பின்னரே காரணம் புரிந்தது. நோயாளி மேசைமேல் இருக்கும்போது அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. இரவு இரண்டு மணிக்கு யாருக்காகக் குளிர்வித்து, யாருக்காகச் சூடாக்குவது?

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டேன் என்று பெருமை பேச எனக்கு உரிமையில்லை. நான் கேட்கவில்லை. வேறொருவர் கேட்டார், கேட்ட முறை தவறு.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) மின்சாரச் செலவைக் குறைக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, மாலை 7 மணிக்கு இரண சிகிச்சை அறைகளின் யந்திரங்களை அணைத்துவிடு, காலை 6 மணிக்குப் போட்டால் போதும் என்று எனக்கு உத்தரவிட்டார். டாக்டர்களைக் கேட்டாரா? இல்லை. அறைப் பொறுப்பிலிருந்த மிஸ்ஸியைக் கேட்டாரா? இல்லை. நானாவது அவரைக் கேட்டேனா? "இதனால் தீங்கு வராதா?" என்று ஒரு வார்த்தை கேட்டேனா? பெரட்டுக் களத்திலே வாய் பொத்தி நின்ற பரம்பரையில் வந்தவன் நான். சரி என்றேன். அணைத்தேன்.

முதல் இரண்டு இரவுகளில் ஒன்றும் நேரவில்லை. மூன்றாம் இரவு நல்ல மழை. விசிறி நின்றவுடன் அழுத்தமும் நின்றது. கதவிடுக்கு வழியாகவும், வெளிக் காற்றுக் குழாய் வழியாகவும், மழைக் காற்று மெல்ல உள்ளே புகுந்து, பகலெல்லாம் குளிர்ந்திருந்த சுவரையும் மேசையையும் தொட்டுத் தொட்டு நீராயிற்று. காலையில் ஆறு மணிக்கு நான் யந்திரத்தைப் போட்டுவிட்டுக் கீழே வந்து பார்த்தபோது, சுவர்கள் வியர்த்திருந்தன. கூரையிலே காற்று இறங்கும் வாய்களிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. அலமாரியில் கிருமி நீக்கி மூடி வைத்திருந்த கருவிப் பொட்டணங்களின் உறை நனைந்திருந்தது. உறை நனைந்தால் உள்ளே இருப்பது தூய்மையானது என்று எவரும் கையெழுத்துப் போட மாட்டார். அன்றைக்கு அந்த அறையின் பட்டியல் முழுவதும் நிறுத்தப்பட்டது.

அந்தப் பட்டியலில் மூன்றாவது பெயர் என் தாயாருடையது.

நீரிழிவு நம் மக்களை எப்படி அரிக்கிறது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை; அந்த வியாதி எட்டிப் பார்க்காத வீடு நம்மில் சிலவே. என் தாயாருக்கு வலது கால் விரல் இரண்டு கறுத்துவிட்டன. அவற்றை எடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. நடு இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், பச்சை அங்கியோடு, தள்ளு கட்டிலில் அவர் காத்திருந்தார். பத்து மணிக்கு வந்து, இன்று இல்லை என்று சொன்னார்கள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "ஏனையா, ஆபரேஷன் ரூமிலே தண்ணீர் ஒழுகுகிறதாமே? கூரை ஓட்டையா?" என்று கேட்டார். நாற்பது வருஷம் லயத்துக் கூரையின் ஒழுக்கலுக்குச் சட்டி வைத்தவர். அவருக்கு வேறு எது தோன்றும்?

"ஆமாம் அம்மா, கூரைதான்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துச் சிகிச்சை நடந்தது. இரண்டு விரல் என்றது, பாதத்தில் பாதியாயிற்று. அந்த இரண்டு நாள்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனிதர். அவர் ஏதாவது ஒன்றை உறுதியாகச் சொல்லியிருக்கலாகாதா என்று நான் பல இரவு நினைத்ததுண்டு.

இதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. மேற்பார்வையாளர் வேறிடம் போனார். புதிதாக வந்தவர் எங்கள் மின் பலகையின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டினார். மலாயிலே "ஜங்கான் தூத்துப்", அதாவது அணைக்காதே, என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஏன் அணைக்கக் கூடாது, எப்போது குறைக்கலாம், யாரைக் கேட்கவேண்டும் என்று ஒரு சொல் இல்லை. வருஷங்கள் போயின. ஒட்டினவரும் போனார். காகிதம் பழுத்து மஞ்சளாயிற்று. அதன்மேல் எவரோ பிளாஸ்டிக் தாள் போட்டுப் பத்திரப்படுத்தினார். புதிதாக வரும் பையன்கள் "ஏண்ணே இது?" என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்று நானே பதில் சொன்னேன். திவச நாளிலே பாலைக் குடிக்கவந்த பூனையை அப்பன் கூடை போட்டுக் கவிழ்த்தானாம். அதைக் கண்ட மகன், வீட்டிலே பூனை இல்லாதபோதும் திவசத்துக்கென்று அடுத்த வீட்டுப் பூனையை இரவல் வாங்கிக் கவிழ்த்தானாம். ஊரார் மூடப் பழக்கங்களைப் பார்த்துச் சிரித்த நான், ஆறு யந்திரங்களுக்கு முன்னால் அந்த மகனாகவே நின்றுகொண்டிருந்தேன். முன்னே கேளாமல் அணைத்தேன். பின்னே கேளாமல் எரிய விட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்கு வெகு காலம் உறைக்கவில்லை.

எரிய விட்டது எது என்பதையும் பார்க்கவேண்டும். மேருவிலிருந்து காப்பார்ப் பக்கம் போனவர்கள், கடலோரத்திலே நிற்கும் மின்சார நிலையத்தின் நெடிய புகைபோக்கிகளைப் பார்த்திருப்பார்கள். அங்கே கப்பலில் வரும் நிலக்கரி எரிகிறது. அந்தப் புகையின் ஒரு கீற்று, ஆளில்லா அறைக்குக் காற்றடிப்பதற்காக எழுந்தது. 2017இல் லான்செட் வைத்தியப் பத்திரிகைக் குடும்பத்தின் சஞ்சிகை ஒன்றில், கானடா, அமெரிக்கா, இங்கிலாந்து ஆகிய மூன்று தேசங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்த ஆராய்ச்சி வெளியாயிற்று. பரப்பளவுக்குப் பரப்பளவு வைத்துப் பார்த்தால், இரண சிகிச்சை அறைகள் ஆஸ்பத்திரியின் சராசரியைப்போல் 3 மடங்கு முதல் 6 மடங்கு வரை சக்தியைத் தின்கின்றனவாம். அதிலும் நூற்றுக்கு 90க்கு மேல் காற்றுக்கும் குளிருக்கும் வெப்பத்துக்குமே போகிறது. கண்ணைப் பறிக்கும் அந்தப் பெரிய விளக்குகளும் கருவிகளும் தின்பது எலும்புத் துண்டு மட்டுமே.

அப்படியானால் செய்யத் தக்கது என்ன? அணைப்பதன்று, குறைப்பது. நான் முன்னே சொன்ன அமெரிக்க விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அறை காலியாக இருக்கும்போது காற்று மாறும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளழுத்தம் வெளியைவிட மிகுந்தே இருக்கவேண்டும். ஆள் நுழைந்து வேலை தொடங்கும்போது முழு எண்ணிக்கையும் திரும்பிவிட வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் யாராவது எனக்கு அன்றைக்கே படித்துச் சொல்லியிருந்தால்!

குறைப்பதில் ஓர் அற்புதம் உண்டு. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தின்னும் சக்தி பாதியாவதில்லை. கணக்கின்படி எட்டில் ஒரு பங்காகிறது. இது மாயமன்று. எதிர்காற்றிலே மிதிவண்டி மிதித்தவர்களுக்குத் தெரியும். மெல்லப் போனால் காற்று இருப்பதே தெரியாது, வேகத்தை இரட்டித்தால் தொடை கழன்றுபோகும். நடைமுறையில் மோட்டாரின் நஷ்டமும் வடிகட்டியின் தடையும் சேர்வதால் எட்டில் ஒன்று என்பது முழுதும் கைக்குக் கிட்டாது. ஆயினும் கிட்டுவது மிகப் பெரிது. காற்று குறைய, பிழியவேண்டிய தண்ணீரும் குறைகிறது. மறுபடி சூடாக்கும் செலவும் குறைகிறது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓர் இளம் பொறியாளர் வந்தார். மேருப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். என் மகள் வயது. பலகையின்மேல் இருந்த காகிதத்தைப் பார்த்து, "இது ஏன்?" என்று கேட்டார். "அது அப்படித்தான் அம்மா" என்றேன். "அப்படித்தான் என்றால் எப்படி, அண்ணே?" என்றார். இத்தனை வருஷங்களில் அந்த இரண்டாவது கேள்வியை எவரும் என்னைக் கேட்டதில்லை. சுவர் வியர்த்த காலையைப் பற்றி அவரிடம் சொன்னேன். தாயாரைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் யந்திரத்தைத் தொடவே இல்லை. முதலில் அறைப் பொறுப்பு மிஸ்ஸி, மயக்க மருந்து டாக்டர், தொற்றுத் தடுப்புப் பிரிவினர் ஆகிய எல்லாரோடும் உட்கார்ந்து பேசினார். மிஸ்ஸி எளிதில் இணங்கவில்லை; அந்தக் காலைப்பொழுதை அவரும் மறக்கவில்லை. "நீங்கள் சிக்கனம் பண்ணுவீர்கள், நாங்கள் நோயாளிக்குப் பதில் சொல்லவேண்டும்" என்றார். நியாயமான பேச்சு. ஆகையால் ஒரே ஓர் அறையில், ஓர் ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பார்க்க வைத்துச் சோதனை நடந்தது. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தோம். ஒவ்வொரு படியிலும் கதவிடுக்கில் ஊதுவத்தி போன்ற புகைக்குச்சியைப் பிடித்துப் பார்த்தோம். புகை வெளியே சாய்ந்தால் அழுத்தம் இருக்கிறது. உள்ளே சாய்ந்தால் இல்லை. ஊதுவத்தி ஏற்றி உண்மையைக் கண்டது என் ஆயுளில் அன்றைக்குத்தான்! பாதி வேகத்துக்குச் சற்று மேலே புகை இன்னும் வெளியேதான் சாய்ந்தது. ஈரமானி அறுபதைத் தாண்டவில்லை. அந்த இடத்தில் நிறுத்தினோம். அம்மானியின் முள் பாதிக்கும் வெகு கீழே படுத்துவிட்டதை நான் கண்ணாரக் கண்டேன்.

அறை வாசலில் ஒரு பொத்தான் வைத்தார்கள். இரவில் அவசரமாக அந்த அறை வேண்டுமானால் மிஸ்ஸி அதை அழுத்தினால் போதும். என்னைத் தேடவேண்டாம், எவர் அனுமதியும் வேண்டாம். பச்சை விளக்கு எரிந்த பிறகே நோயாளி உள்ளே வரவேண்டும் என்பது ஏற்பாடு. அழுத்தம் குறைந்தால் மணி அடிக்கும். இத்தனையையும் மலாயில், தமிழில், சீனத்தில் எழுதி, அடியில் காரணத்தையும் எழுதி, பழைய காகிதம் இருந்த இடத்தில் ஒட்டினார் அந்தப் பெண். மற்ற அறைகளுக்கு இந்த ஏற்பாடு வர இரண்டு வருஷம் பிடித்தது. பணம் இல்லை என்றார்கள். மாதந்தோறும் வீணாகும் பணத்துக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை.

இப்போது காலம் மாறி வருகிறது. சக்திச் சிக்கனத்துக்கென்று 2024இல் இயற்றப்பட்ட மலேசியச் சட்டம், 2025 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்திருக்கிறது. வருஷத்தில் 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சக்தியை, அல்லது அதற்கு மேல் செலவிடுவோர், தகுதி பெற்ற நிர்வாகி ஒருவரை வைத்துக் கணக்குக் காட்டவேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகள் இந்த வலைக்குள் வரக்கூடியவை. சட்டம் நல்லது. ஆனால் கணக்குக் காட்டவேண்டிய அவசரத்தில் எவராவது இன்னொரு முறை மாலை 7 மணிக்கு அணைக்கச் சொல்வாரோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது.

சிக்கனமும் நோயாளியின் நலமும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் மதுரையைப் பார்க்கலாம். விரல்கள் வாதநோயால் கோணிப்போன டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலே, ஒரு கண்புரைச் சிகிச்சையால் வெளியாகும் கரிவாயுக் கணக்கு ஏறக்குறைய 6 கிலோ என்று 2017இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் அதே சிகிச்சைக்கு ஆவதில் நூற்றுக்கு 5 பங்குதான் அது. நோயாளிகளின் குணத்திலோ குறைவில்லை. அங்கே மிச்சமாவது காற்றால் மட்டுமன்று. நேரம், கருவி, துணி எல்லாவற்றிலும் எதற்காக என்று கேட்டுக் கேட்டுச் செய்கிறார்கள். கண் சிகிச்சைக்குப் பொருந்துவதெல்லாம் வயிற்றைத் திறக்கும் சிகிச்சைக்குப் பொருந்தாது என்பதும் உண்மை. ஆயினும், நம் பாஷை பேசும் ஊரிலே இது நடக்கிறதே என்று படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம், ஓர் இரவு யந்திரத் தளத்தில் இருந்தேன். விசிறிகள் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தன. மணி ஒன்றரை இருக்கும். திடீரென்று ஒரு யந்திரம் மட்டும் குரலை உயர்த்திற்று. கீழே எவரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். விபத்தோ, பிரசவமோ, தெரியாது. முழு வேகம் வந்து, முள் நிமிர்ந்து, பச்சை விளக்கு எரியும்வரை பக்கத்திலேயே நின்றேன். நிற்கவேண்டிய அவசியம் இல்லை, நின்றேன்.

அந்த வாரந்தான் என் தாயாரை மருந்துக்காக அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். தள்ளு நாற்காலியில் இரண சிகிச்சைப் பிரிவின் வாசலைக் கடக்கும்போது, கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மூடிய கதவையும், அதன்மேல் உள்ள கூரையையும் சற்று நேரம் பார்த்தார்.

"அந்தக் கூரையைச் சரிபண்ணிவிட்டார்களா ஐயா?" என்று கேட்டார்.

"பண்ணியாயிற்று, அம்மா" என்றேன்.